ரப்பர் மரக் கதவு

ஜானகி மறுபடியும் தோளைக் கொடுத்து இடித்தாள். ரப்பர் மரம் அசையவில்லை.

அது மரமில்லை, கதவு. ஆளுயரத்துக்கு மரம் வரைந்த கதவு. நடைக்கூடத்தின் சுவர் முழுவதும் நிரை நிரையாக ரப்பர் மரங்கள், பச்சையும் சாம்பலுமாகத் தூரத்தில் மங்கிப் போகும் காடு. அதற்குள் ஒரு கதவு ஒளிந்திருக்கிறது என்பது சொன்னால்தான் தெரியும். வரையச் சொன்னவள் ஜானகி. பூட்டைத் தேர்ந்தெடுத்தவளும் அவள். இப்போது அதன் உள்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பவளும் அவள்தான்.

"அபாங்... பிந்து புக்கா... யாராச்சும் இருக்கீங்களா, கதவு லாக் ஆயிருச்சு."

மலாயிலும் தமிழிலுமாகக் கத்தினாள். கூரையில் மழை அறைகிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம். வேலையாட்கள் எல்லாரும் தொழுகைக்காக லூபோக் சீனா மசூதிக்குப் போயிருந்தார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். எவ்வளவு கத்தினாலும் கேட்பதற்குச் செம்பனை மரம்தான் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த மாமனார் நாகமுத்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்தின் முன்னால் கால்களை அகட்டி நின்று, சிலுவாரின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தார்.

"மாமா, வேணாம். அது சுவரு."

"நெரையில நின்னு போவாம வேற எங்க போறதாம்?"

"பெயிண்ட் மாமா அது. டாய்லட் அந்தா இருக்கு பாருங்க, மஞ்சக் கதவு."

"மரத்த வரஞ்சு வச்சிட்டு போவக் கூடாதுன்னா எப்படி?" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் மஞ்சள் கதவை நோக்கி நடந்தார். நடை கோணியது. கைப்பிடிக் கட்டையைப் பிடிக்கப் போன கை ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது.

ஜானகி ஓடிப் போய்த் தாங்கினாள். அவர் சட்டை முதுகு ஈரம். மழைக் குளிரில் அவளுக்கே உடம்பு சிலிர்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

காலையில் அவருக்கு இன்சுலின் ஊசி போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை. சோறும் முருங்கைக்கீரையும் நெத்திலி சம்பலும் டிபன் கேரியரில் இருக்கின்றன. கேரியர் வரவேற்பு மேசை மேல் இருக்கிறது. அவளுடைய கைப்பையும் போனும் அதே மேசையில்தான். எல்லாமே கதவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்.

அவர் இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டடம் முதியோர் இல்லம். தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த தமிழ்க் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும், அதிலும் ஞாபகம் கலைந்து போனவர்களுக்காகவே கட்டுவது. கட்டுகிறவர் சாந்தி அக்கா, ஓய்வு பெற்ற மிஸ்ஸி. பெரிய ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடம் வார்டு பார்த்தவர். மலாக்கா டவுனில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை பார்க்கும் ஜானகி வரைந்த பிளான்.

நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி நடைக்கூடம். நடைக்கூடத்தை ஒட்டி அறைகள். நடந்துகொண்டே இருக்கிறவர்கள் எங்கேயும் முட்டி நிற்காமல் சுற்றிச் சுற்றி நடக்கலாம். ஒவ்வோர் அறைக் கதவும் ஒவ்வொரு நிறம். கட்டிலில் படுத்தபடியே கழிப்பறை தெரியும். தரையில் பளபளப்பு கிடையாது, தண்ணீர் என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார்கள் என்பதற்காக. இதையெல்லாம் ஜானகி படித்துப் படித்துச் செய்தாள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

வெளியே போகும் கதவு விஷயத்தில் மட்டும் சாந்தி அக்கா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

"நம்ம ஆளுங்க இருக்காங்களே, பூட்டுன கதவப் பாத்தா தட்டித் தட்டிக் கை வீங்கிரும். தொறந்த கதவப் பாத்தா செருப்பத் தேடுவாங்க. அதனால கதவே கண்ணுல படாம செஞ்சுரு ஜானகி."

"செஞ்சிரலாம்க்கா. எங்க மாமாவ வச்சே டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். அவர நிப்பாட்டுற கதவு யாரையும் நிப்பாட்டும்."

"அவ்வளவு கெட்டிக்காரரா?"

"நீங்க வேற. அவரு படிச்சிருந்தா பேங்க் கொள்ளையடிச்சிருப்பாரு."

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம். தஞ்சோங் கிளிங்கில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டில் அந்த விஷயம் ஒன்றரை வருடமாக யாரையும் தூங்க விடவில்லை. காலையில் ஜானகி வேலைக்குக் கிளம்பும்போது கிரில் கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். அவள் கணவன் புவனேஸ்வரன் ஹோட்டலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டவன். காலையில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்துவிட்டு, அப்படியே சோபாவில் விழுந்து தூங்கிவிடுவான். அவன் கண் விழிக்கும்போது கிரில் திறந்து கிடக்கும். கிழவர் இருக்க மாட்டார்.

முதலில் சாதாரணப் பூட்டு. திறந்தது. அடுத்து நம்பர் பூட்டு. அதுவும் திறந்தது. கிழவருக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டாள் ஜானகி. நாற்காலி ஒன்று பக்கத்தில் கிடந்தது, தாழ்ப்பாள் திறந்திருந்தது. கடைசியில் கரண்டில் வேலை செய்யும் பூட்டு வாங்கி மாட்டினாள். அன்று மெயின் சுவிட்ச் இறங்கியிருந்தது.

அவர் போவது பெரும்பாலும் கடற்கரைச் சாலைக்குத்தான். மீன் இறங்கும் இடத்திலோ, ஹோட்டல் வாசல் பஸ் ஸ்டாப்பிலோ உட்கார்ந்திருப்பார். யாராவது கூட்டி வந்து விடுவார்கள். அதற்காகவே ஜானகி அவர் சட்டைக் காலர்களுக்குள் வெள்ளைத் துணித்துண்டில் தன் போன் நம்பரை எழுதித் தைத்திருந்தாள்.

போன மாதம் ஒரு தடவை மஸ்ஜித் தானாவில் கிடைத்தார். காரில் போனாலே அரை மணி நேரம் பிடிக்கிற ஊர். சந்தையில் வெயிலில் உட்கார்ந்திருந்தவரை யாரோ போட்டோ எடுத்து வாட்சப்பில் போட, அது சுற்றிச் சுற்றிச் சாந்தி அக்கா கண்ணில் பட்டது. இல்லையென்றால் அவ்வளவுதான். காலரில் நம்பரைக் காணோம்.

"பஸ் ஏறியிருப்பாரு," என்றான் புவன்.

"காசு?"

"யாராச்சும் ஏத்தி விட்டிருப்பாங்க. பாவப்பட்டு."

"காலர்ல இருந்த துணி எங்க?"

"பல்லால பிச்சிருப்பாரு. குத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரில்ல."

ஜானகி அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போது காலரைப் பார்த்தாள். நூல் முனைகள் நேராக இருந்தன. வாஷிங் மெஷின் மூடியைச் சாத்திவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அன்று இரவு அடுப்படியில் பேச்சு முற்றியது.

"சாந்தி அக்கா ஹோமுல ஒரு ரூம் சொல்லியிருக்கேன் புவன். நான் வரஞ்ச எடம். எந்தக் கதவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நல்லா பாத்துப்பாங்க."

"அப்பாவ ஹோமுல போட்டவன்னு எனக்குப் பேரு வேணாம்."

"யாரு சொல்லுவா?"

"யாரு சொல்ல மாட்டா? ஒங்க அண்ணனே சொல்லுவாரு. நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு போனா, தோட்டத்து ஆளுங்க மொகத்துல நான் முழிக்கணுமில்ல? எங்கம்மா செத்தப்புறம் மறு கல்யாணம்கூட கட்டிக்காம என்னை வளத்தவரு. அவரு கண்ண மூடுற வரைக்கும் இந்த வீட்டுலதான்."

"அது வரைக்கும் நீங்க இருக்கணும்லா. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தீங்களா?"

புவன், கிழவர் நனைத்த படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். தண்ணீர் கொட்டும் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் கேட்டது. அவன் அழுகிறான் என்று ஜானகிக்குத் தெரிந்தது. கேட்காதது போல் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று ஒரு தடவை காட்டிவிட்டு மட்டும் வருவோம் என்று கெஞ்சித்தான் கூட்டி வந்தாள். புவன் காரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் உள்ள வரல. அந்த எடத்த நான் பாக்க வேணாம்."

"பெத்த அப்பா தங்கப் போற எடம்."

"தங்கப் போறாருன்னு நான் சொல்லவே இல்ல. நீங்க பாத்துட்டு வாங்க. நான் டவுன்ல போயி தே தாரே குடிச்சிட்டு வரேன்."

கார் போய்விட்டது. மாமனாரும் மருமகளும் உள்ளே வந்தார்கள். கதவு பின்னால் மூடிக்கொண்டது. இடி இடித்தது. விளக்கு அணைந்தது.

கரண்ட் போனால் இந்த மாதிரிக் கதவுகள் தானாகவே விட்டுவிட வேண்டும். அதுதான் முறை. ஜானகி மாற்றியிருந்தாள். கிழவர் மெயின் சுவிட்சை இறக்கிய நாளிலிருந்து அந்தப் பயம் அவளை விடவில்லை. கரண்ட் போனாலும் பூட்டு பிடித்தே இருக்கும்படி பேட்டரி வைக்கச் சொன்னாள். கான்ட்ராக்டர் பேட்டரியை வைத்துவிட்டார். ஆனால், நம்பர் அழுத்தும் பெட்டிக்கு அதிலிருந்து ஒயர் இழுக்கவில்லை. இப்போது பூட்டுக்கு உயிர் இருக்கிறது, நம்பர் பெட்டிக்கு இல்லை. ஆபத்து நேரத்தில் உடைத்துத் திறக்கும் கண்ணாடிப் பொத்தான் வர வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டையும் இரண்டு ஒயர்களும் தொங்கின. திங்கட்கிழமை மாட்டிவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். சாவி வைத்துத் திறக்கிற வழி வெளிப்பக்கத்தில் மட்டும்தான்.

ஜன்னல்களுக்குக் கம்பி. கம்பி வேண்டும் என்று சொன்னவளும் அவளே.

"மாமா, உக்காருங்க. இங்க, இங்க. கண்ண மூடாதீங்க."

"பசிக்குது ஆயி."

"தெரியும் மாமா."

"கஞ்சி வாளி வந்திருச்சா?"

"வந்துரும்."

நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஜானகி மறுபடியும் கதவுக்கு ஓடினாள். குத்தினாள், உதைத்தாள். வரைந்த மரத்தில் அவள் கைத்தடம் பதிந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. முற்றத்தில் இறங்கி மழையில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். நாலு பக்கமும் ஓடு. ஏறுவதற்கு ஒரு தூண்கூட வைக்கவில்லை. இவர் ஏறிவிடுவார் என்று நினைத்து அவள்தான் தூண்களை எடுத்துவிட்டிருந்தாள்.

நனைந்துபோய்த் திரும்பி வந்து அவர் முன்னால் முழங்காலிட்டாள். வேறு வழி தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா, என்னைப் பாருங்க. இந்தக் கதவத் தொறங்க."

"எந்தக் கதவு?"

"அதோ அந்த மரம். அது கதவு. வீட்டுல தொறப்பீங்கல்ல, அது மாதிரி. நம்பர் பூட்டு தொறந்தீங்க, மேல இருந்த தாழ்ப்பாள் தொறந்தீங்க. எப்படித் தொறந்தீங்க? நான் கோச்சுக்க மாட்டேன். சொல்லுங்க."

கிழவர் அவளை உற்றுப் பார்த்தார். கண்ணில் ஒரு கள்ளத்தனம் வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"சொல்லக் கூடாது."

"யாருகிட்ட சொல்லக் கூடாது?"

"ஒங்கிட்டதான்."

ஜானகிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சாகப் போகிற நேரத்தில்கூட இந்த மனுஷனுக்குத் தந்திரம். எழுந்தாள். ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தாள். காலிக் கட்டில்கள், பிளாஸ்டிக் பிரிக்காத மெத்தைகள், சிமெண்ட் மூட்டை. ஒரு மிட்டாய்கூடக் கிடையாதா, ஒரு பிஸ்கட் துண்டு?

கடைசி அறையில், நீலக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அது தொங்கியது. பெயிண்டர்கள் கடையில் வாங்கி, பாதி உறிஞ்சிவிட்டு, ஸ்ட்ராவோடு சேர்த்து வாயைக் கயிற்றால் சுருக்கி மாட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக் பை. உள்ளே சிவப்பாகச் சிராப் தண்ணீர், சீனிப்பாகு கலந்தது. ஐஸ் கரைந்து போயிருந்தது. கயிற்றில் எறும்பு ஊர்ந்தது.

எறும்பு ஊர்ந்தால் இனிப்பு இருக்கிறது.

பையோடு ஓடி வந்து ஸ்ட்ராவை அவர் வாயில் வைத்தாள். "மெதுவா. கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுங்க மாமா."

ஒரு மிடறு. இன்னொரு மிடறு. கழுத்தில் வழிந்ததைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"இது யாரு எச்சி?" என்றார் அவர்.

"பெயிண்டர் எச்சி."

"எந்தப் பெயிண்டரு?"

"இந்த மரம் வரஞ்சவரு."

"அப்பக் குடிக்கலாம். நல்லாத்தான் வரஞ்சிருக்கான்."

பை காலியாகிற வரைக்கும் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை நின்றது. கண் கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்கு வந்தது. இது தாங்குவது கொஞ்ச நேரத்துக்குத்தான், அதற்குள் சோறு உள்ளே போக வேண்டும். ஆனாலும் ஜானகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டாள். ஈரப் பெயிண்ட் முதுகில் ஒட்டியது.

மழை இரைச்சல் குறைந்தது. கிழவர் நடைக்கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

"இது என்ன எடம் ஆயி? ஆஸ்பித்திரியா?"

"இல்ல மாமா. வயசானவங்க தங்குற எடம். நான் வரஞ்சது."

"யாரு யாரு தங்குறா?"

ஜானகி தயங்கினாள். "நீங்க தங்குவீங்களா?"

"புவன் எங்க இருப்பான்?"

"அவரு வீட்டுல இருப்பாரு. வந்து வந்து பாப்பாரு."

"அவன் தூங்குவானா?"

அவள் திடுக்கிட்டாள். "என்ன மாமா?"

"நான் இங்க இருந்தா அவன் தூங்குவானா? ராத்திரியெல்லாம் வேல. பகல்ல நான் கூப்புட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கே தெரியுது, வாய் நிக்க மாட்டேங்குது. சின்னப் புள்ளையில அவனுக்குத் தூக்கம்னா அவ்வளவு பிரியம். நான் பால் வெட்டி முடிக்குற வரைக்கும் மரத்தடியில சாக்கு விரிச்சுப் போட்டுருவேன், தூங்குவான்."

ஜானகி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மாதிரித் தெளிவு அவருக்கு எப்போதாவதுதான் வரும். இந்த மனுஷனுக்கு எதிராகவா இத்தனை பூட்டு, இத்தனை கம்பி என்று நினைத்தாள். உடனே மஸ்ஜித் தானா வெயில் ஞாபகம் வந்தது. பூட்டாமல் எப்படி?

"மாமா, நீங்க மட்டும் வெளிய போவ மாட்டேன்னு சொன்னீங்கன்னா, நான் இந்தக் கதவையே மாத்திருவேன். கம்பியெல்லாம் எடுத்துருவேன்."

"நான் என்னத்தப் போறேன்?" என்றார் அவர். "போவச் சொன்னா போறேன்."

மறுபடியும் கலங்கத் தொடங்கிவிட்டார் என்று ஜானகி நினைத்தாள்.

வெளியே டயர் சரளையில் அரைபடும் சத்தம். கார்க் கதவு சாத்தப்பட்டது. ஜானகி துள்ளி எழுந்து கதவைக் குத்தினாள்.

"புவன்... புவன், இங்க..."

"ஜானகி?" அவன் குரல் கதவுக்குப் பக்கத்தில் கேட்டது. "என்ன, இருட்டா கெடக்கு?"

"கதவு மாட்டிக்கிச்சு. அப்பாவுக்குச் சீனி எறங்கிருச்சு. ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால சாவி தொங்கும், சின்னச் சாவி. கதவுக்குப் பக்கத்துல ஒரு டப்பா இருக்கும். அதுல போட்டுத் திருப்புங்க."

காலடிகள் ஓடின. சாவிக்கொத்து தரையில் விழுந்தது. எடுக்கிற சத்தம்.

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சட்டையைக் கீழே இழுத்துச் சரி செய்துகொண்டார். தலையைக் கையால் கோதிக்கொண்டார். வெளியே கிளம்புகிற மனிதரைப் போலத் தயாரானார்.

"எதுக்கு அழுவுற? தொறக்குற ஆளு வந்துட்டான்ல."

கதவுக்குள் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. ரப்பர் மரம் நடுவில் பிளந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. புவன் நனைந்த தலையோடு நின்றான். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் டிபன் கேரியர். அப்பாவை தலைமுதல் கால்வரை பார்த்தான்.

"அப்பா..."

ஜானகி கேரியரை வாங்கித் தரையிலேயே பிரித்தாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தைக் கிழவர் வாயில் வைத்தாள். அவர் மென்றார். விழுங்கினார். கதவையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"பாத்தியா ஆயி. எம்புட்டு நேரமா என்னைப் போயி தொறங்க தொறங்கங்குற. நான் என்னைக்குத் தொறந்தேன்? வீட்டுலயும் இவன்தான தொறந்து விடுவான்."

ஜானகியின் கை சோற்றோடு நின்றது.

"அப்பா, சாப்புடுங்க," என்றான் புவன்.

"நீ ஆபிசுக்குப் போனதும் தொறந்துருவான். செருப்ப அவனே மாட்டி விடுவான். ஜானகிகிட்ட சொல்லக் கூடாதுப்பான்னு சொல்லியிருக்கான். இப்பத்தான் எல்லாரும் இருக்கோமே, சொன்னா என்ன?"

ஜானகி மெல்ல நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றான். ஈரப் பெயிண்ட் அவன் விரல்களிலும் ஒட்டியிருந்தது.

"நாற்காலி?" என்றாள் அவள். "மெயின் சுவிட்ச்?"

அவன் தரையைப் பார்த்தான்.

கிழவர் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார். வரவில்லை. அதனால் பேசினார்.

"மஸ்ஜித் தானாவுக்கு மட்டும் கார்ல கூட்டிட்டுப் போனான். சந்தையில எறக்கி விட்டான். காலர்ல ஏதோ குத்துதுன்னேன், கத்திரிக்கோல வச்சு வெட்டி எடுத்தான். புள்ள அழுதான் ஆயி. காருக்குள்ள உக்காந்துக்கிட்டு, 'போங்கப்பா'ன்னான். போயிட்டு வாங்கன்னு சொல்லல."

அவர் மகனைப் பார்த்தார். தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவரைப் போல அவர் குரல் தணிந்தது.

"நாந்தான் புத்தி கெட்டுப் போயி திரும்பி வந்துட்டேன்."